ஆடும் தலை, துருப்பிடித்த முகம், பிடுங்கி விழும் கொக்கி: மலைநாட்டுக் கராஜில் சுத்தியலுக்கு வரும் கோளாறுகள்

எங்கள் தோட்டத்தைச் சுற்றி யார் வீட்டுச் சுத்தியல் ஆடினாலும் கடைசியில் அது என் பெஞ்சுக்கு வந்துவிடுகிறது. அதில் அடித்து அடித்துத் தேய்ந்தது அபூர்வம். மாட்டி வைத்த இடத்தில் கெட்டதுதான் அதிகம். மலையில் பாதி வருஷம் பனியும் தூறலும், அப்புறம் உதடு வெடிக்கிற உலர்காற்று. இந்த இரண்டும் மாறி மாறி வருவதால் மரப்பிடி ஊதி ஊதிச் சுருங்குகிறது, இரும்பு வியர்க்கிறது, சுவரில் அடித்த ஆணி தளர்கிறது.

கராஜ் என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். வீட்டின் பக்கச் சுவரோடு தகரம் இறக்கி, ராத்திரி ஆட்டோவை நிறுத்தி, பகலில் பெஞ்சு போட்டு வேலை செய்கிற இடம்தான் இங்கே பலருக்கும் கராஜ். அதை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

உங்கள் சுத்தியலில் எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத வழி முதலில், காசு போகிற வழி பின்னால். தலை ஆடுகிற சுத்தியலை மட்டும் இதைப் படித்து முடிக்கும்வரை ஓங்க வேண்டாம். கழன்று பறக்கும் 2 இறாத்தல் இரும்பு யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது.

## அறிகுறி: தலை ஆடுகிறது

### பிடி மரமா, பைபரா, இரும்பா?

பைபர் பிடியில் தலையைப் பசை ஊற்றி இறுக்கியிருப்பார்கள். அது ஆடினால் பசை விட்டுவிட்டது. ஆப்பு அடித்தால் பைபர் பிளக்கும். திரும்பப் பசை ஊற்றுகிற செலவுக்குப் புதிய சுத்தியலே வாங்கலாம். இரும்புப் பிடி தலையோடு சேர்ந்த ஒரே துண்டாக இருந்தால் ஆட வழியே இல்லை. இரும்புக் குழாயைத் தலைக்குள் செருகிய வகை ஆடினால் அதையும் ஒதுக்கிவிடுங்கள். கீழே சொல்வதெல்லாம் மரப்பிடிக்கு.

### எந்த மாதத்தில் ஆடத் தொடங்கியது?

ஹட்டன், தலவாக்கலை, நோர்வூட் என்று மேற்குச் சரிவில் இருப்பவர்களுக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரை காற்று உலர்ந்திருக்கும். பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை என்று ஊவாப் பக்கம் இருப்பவர்களுக்கு அது ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை. தென்மேற்கு மழை மேற்குச் சரிவில் கொட்டித் தீர்ந்து, மலை தாண்டி இறங்குகிற காற்று வெறும் காற்றாகத்தான் அங்கே வருகிறது. தேயிலைக்கு மணம் ஏற்றுகிற அதே காற்றுதான் சுத்தியல் பிடியைச் சுருக்குகிறது.

ஆட்டம் இந்த மாதங்களில் தொடங்கியிருந்தால், பிடி காய்ந்து சுருங்கியதுதான் முதல் சந்தேகம். சுத்தியல் எங்கே தொங்கியது என்று பாருங்கள். மதிய வெயில் நேராக விழும் தகரத்துக்குக் கீழேயா? அடுப்படிச் சுவரின் மறுபக்கமா? ஆட்டோவின் சைலன்சருக்குப் பக்கத்திலா? அப்படியென்றால் இடத்தை மாற்றுவதுதான் பாதி வைத்தியம்.

நல்ல மழைக்காலத்திலேயே ஆடினால் சுருக்கம் காரணமில்லை. நேராக ஆப்புப் பகுதிக்குப் போங்கள்.

### தட்டி இறக்கினால் இறுகுகிறதா?

சுத்தியலைத் தலை கீழே தொங்கும்படி ஒரு கையால் பிடியில் பிடித்துக்கொள்ளுங்கள். எதன் மேலும் அது முட்டக் கூடாது, அந்தரத்தில் தொங்க வேண்டும். மறு கையில் கொட்டாப்புளி (மரச் சுத்தியல்) எடுத்துப் பிடியின் அடிமுனையில் ஓங்கித் தட்டுங்கள். கனமான தலை இருந்த இடத்திலேயே நிற்க, பிடி அதற்குள் இறங்கும். நாலைந்து தட்டில் சத்தம் மாறும். தொளதொள என்ற ஒலி போய்க் கட்டையான ஒலி வந்தால் இறுகிவிட்டது என்று அர்த்தம். தலைக்கு வெளியே பிடி நீட்டிக்கொண்டு வருகிறதா என்றும் பாருங்கள். ஒரு நூல், இரண்டு நூல் (கால் அங்குலம்வரை) வெளியே தெரிவது நல்லதுதான், அறுத்துவிடாதீர்கள்.

இறுகியது, ஒரு வாரம் வேலை செய்தும் ஆடவில்லை என்றால் முடிந்தது. திரும்ப ஆடினால் கீழே.

### "தண்ணியில ஊறப் போட்டா இறுகிடும்ல அண்ணே?"

இந்தக் கேள்வி வராத சுத்தியல் இல்லை. இறுகும், ஒரு நாளைக்கு. ஊதுகிற மரத்துக்கு விரிய இடமில்லாததால் இரும்புத் துளைக்குள் அதன் நார்கள் நசுங்கும். காய்ந்ததும் முன்பு இருந்ததைவிட மெலிந்துபோகும். கூடவே துளையின் உள்பக்கம் துரு ஏறும். மறு வாரம் ஆட்டம் அதிகமாகி, திரும்பவும் வாளிக்குள் போகும். இப்படி ஒரு மழைக்காலம் முழுக்க வாளியில் குளித்த பிடியைக் கழற்றினால், தலைக்குள் இருந்த பகுதி மட்டும் கறுத்து, இடுப்பு கட்டியதுபோல ஒடுங்கியிருக்கும். அதற்குப் பிறகு எந்த ஆப்பும் நிற்காது.

ஊற வைத்தே ஆகவேண்டும் என்றால் லின்சீட் ஒயிலில், அதாவது ஆளிவிதை எண்ணெயில், வையுங்கள். பழைய மீன் டின்னில் தலையின் மேற்பக்கம் முங்கும் அளவுக்கு ஒயில் ஊற்றி, ஓர் இரவு தலைகீழாக நிறுத்தினால் போதும். மரத்தின் வெட்டுமுனை ஒயிலைக் குடித்து, அப்படியே வைத்துக்கொள்ளும். தண்ணீரைப் போல ஆவியாகி ஓடாது. ஆனால் ஒயில் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். லின்சீட் காயும்போது சூடாகும். சுருட்டிய துணிக்குள் அந்தச் சூடு சேர்ந்து தானாகவே தீப்பற்றும். துணியை விரித்து வெளியே கொடியில் காயப் போடுங்கள், இல்லையென்றால் தண்ணீருக்குள் போடுங்கள்.

### ஆப்பு இருக்கிறதா, எழும்பியிருக்கிறதா?

தலையின் மேற்பக்கத்தைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். துளையின் நீளவாட்டில் ஒரு மர ஆப்பும், அதற்குக் குறுக்கே ஓர் இரும்பு ஆப்பும் தெரிய வேண்டும்.

- ஆப்பு மேலே எழும்பியிருந்தால்: மேலே சொன்னபடி பிடியை முதலில் இறக்கிவிட்டு, பிறகு ஆப்பைத் தட்டி உட்காரவையுங்கள். ஆப்பை முதலில் அடித்தால் தலை தவறான இடத்தில் பூட்டிக்கொள்ளும்.
- இரும்பு ஆப்பு மட்டும் இல்லையென்றால்: ஹாட்வெயார் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். பழைய இரும்பு ஆப்பு இருந்த தடத்திலேயே அடிக்காமல் சற்றுச் சாய்த்து அடியுங்கள்.
- ஆப்புக்குப் பதிலாக ஆணி இருந்தால்: இங்கே பாதிச் சுத்தியலில் இதுதான். ஆணி மரத்தை அகட்டாது, பிளக்கும். பிடுங்கிவிட்டுச் சரியான ஆப்பு போடுங்கள். பிளவு தலைக்குக் கீழேயும் ஓடியிருந்தால் பிடியை மாற்ற வேண்டியதுதான்.
- சைக்கிள் டியூப் துண்டு திணித்திருந்தால்: ரப்பர் ஒவ்வோர் அடிக்கும் அமுங்கி எழும்பும். எடுத்து எறியுங்கள்.

### பிடியையே மாற்றுவது

இரண்டு முறை ஆப்பு போட்டும் நிற்காவிட்டால் பிடி மாற்றும் நேரம். கடையில் விற்கும் பிடிகளில் நல்லதும் உண்டு, பச்சை மரத்தை வார்னிஷ் அடித்து மறைத்ததும் உண்டு. கையில் தூக்கினால் அதே அளவுப் பிடிகளைவிடக் கனமாக இருப்பதும், வெட்டுமுனையைக் கன்னத்தில் வைத்தால் குளிர்வதும் ஈரமானது. இழை பிடியின் நீளத்துக்கு ஓட வேண்டும். பாதியில் பக்கவாட்டாக வெளியேறும் இழை ஒரு நாள் அங்கேயே முறியும்.

எனக்குப் பிடித்தது கொய்யாக் கட்டை. இறுக்கமான மரம், அதிர்ச்சியைத் தாங்கும், வேலிக்குப் பக்கத்திலேயே கிடைக்கும். மலையில் நிழலுக்கு நிற்கும் சவுக்கு (சில்வர் ஓக்) வேண்டாம், பலகைக்கு நல்லது, அடிக்கு லாயக்கில்லை. வெட்டிய கொய்யாவைப் பட்டை சீவி, இரு முனையிலும் பெயின்ட் பூசி, முதலில் நிழலில் மாதக் கணக்காகக் காய விடுங்கள். கடைசியில் சில வாரம் அடுப்புக்கு மேலே பரணில் போடுங்கள். இதுதான் முக்கியம்: பிடி மிகக் காய்ந்திருக்கும்போது தலையை ஏற்ற வேண்டும். அப்புறம் மழைக்காலத்தில் கொஞ்சம் ஊதி இன்னும் இறுகும். மழையில் ஏற்றினால் உலர்காற்றில் கழலும்.

### இங்கே நிறுத்துங்கள்

தலையின் துளைச் சுவரில் மயிரிழை விரிசல் தெரிந்தால் அந்தத் தலைக்குப் பிடி போடாதீர்கள். வெல்டிங் கடைக்கும் கொண்டுபோகாதீர்கள். சூட்டில் பதம் போய், அடிக்கிற முகம் மெத்தென்று ஆகலாம், அல்லது சில்லு தெறிக்கும். 7 இறாத்தலுக்கு மேற்பட்ட சம்மட்டிக்குப் பிடி போடுவதை மட்டும் தச்சரிடம் விடுங்கள். அந்தக் கனத்தில் கொஞ்சம் கோணினாலும் சம்மட்டி கையில் திரும்பிவிடும்.

## அறிகுறி: காலையில் தலையில் நீர்த்துளி, சில நாளில் செந்துரு

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே ஜனவரி, பெப்ரவரியில் புல்லில் உறைபனி விழும் காலைகளும் உண்டு. கீழே இறங்க இறங்கக் குளிர் குறைந்தாலும், ராத்திரி குளிர்ந்த இரும்பில் காலையில் ஈரக்காற்று பட்டு வியர்ப்பது எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆனால் எல்லாத் துருவும் வியர்வையால் வருவதில்லை. துரு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

### ஒரே ஒரு சுத்தியலில் மட்டும்

அந்த இடத்துக்கு நேர் மேலே அண்ணாந்து பாருங்கள். தகரத்தின் அடியில் ராத்திரி சேரும் நீர், ஆணி அடித்த இடத்தில் கூடிச் சொட்டும். சுத்தியலை நாம் தலை மேலே, பிடி கீழே என்று மாட்டுவதால் அந்தச் சொட்டு சரியாகத் தலையின் மேற்பக்கம் விழும். ஆப்புக்கும் மரத்துக்கும் இடையில் உள்ள கீற்றில் நின்று, மரத்துக்குள் இறங்கும். முகம் பளபளவென்று இருக்க, மேற்பக்கம் மட்டும் துருவேறி, பிடியின் கழுத்தில் தேயிலைச் சாயம்போல ஒரு கோடு வழிந்திருந்தால் இதுதான். மாட்டும் பலகைக்கு மேலே ஒரு தகரத் துண்டைச் சாய்வாக அடித்துவிட்டால் வேலை முடிந்தது.

சொட்டு இல்லையென்றால், அந்தச் சுத்தியலைக் கடைசியாக யார் பிடித்தார்கள்? வியர்வைக் கை, சீமெந்து ஒட்டிய கை. துடைக்காமல் மாட்டியதால் வந்த துரு அது.

### சுவரைத் தொடும் பக்கத்தில் மட்டும்

சுவர் ஈரம். சந்தேகமிருந்தால் ஒன்றரை அடிச் சதுரத்தில் கண்ணாடிப் பொலித்தீன் வெட்டி, நாலு பக்கமும் காற்றுப் போகாமல் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். சுவர்ப் பக்கம் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. நம் பக்கம் நீர் கோத்திருந்தால் காற்றிலிருந்து.

சுவர் ஈரத்துக்கு, செலவு குறைந்ததிலிருந்து:

முதலில் பலகையைச் சுவரிலிருந்து பிரியுங்கள். 2க்கு 1 அங்குலச் சட்டத்தை நெடுக்காக இரண்டு இடத்தில் அடித்து அதன் மேல் பலகையை ஏற்றினால் பின்னால் காற்று ஓடும். நெடுக்காக என்பதைக் கவனியுங்கள், குறுக்காக அடித்தால் ஈரம் தேங்கும். அடுத்தது வெளியே. மண்மேட்டை வெட்டிச் சமமாக்கிக் கட்டிய கராஜ் என்றால் பின்சுவருக்கும் மேட்டுக்கும் நடுவில் உள்ள கானைப் போய்ப் பாருங்கள். இலையும் மண்ணும் அடைத்து, கான் நிரம்பி, தண்ணீர் சுவரோடு நின்றிருக்கும். மம்பட்டி எடுத்து ஒரு காலை வேலை. பீலி உடைந்து சுவரில் வழிகிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். கான் சுத்தம், பீலி சரி, இருந்தும் பொலித்தீனுக்குள் நீர் என்றால் மேசனைக் கூப்பிடுங்கள். உள்பக்கம் பெயின்ட் அடித்து மூடுவது வீண் செலவு, அடுத்த மழையில் பொருக்காக உரியும்.

### எல்லாவற்றிலும், எல்லாப் பக்கமும்

காற்றே ஈரம். மழையில் நனைந்த ஆட்டோவை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினால், இன்ஜின் சூட்டில் அந்தத் தண்ணீரெல்லாம் ராத்திரி முழுக்கக் கராஜுக்குள்தான் சுற்றும். வண்டியைக் கொஞ்சம் வெளியே ஆறவிட்டு, துடைத்து உள்ளே எடுங்கள். ஈரச் சட்டை காயப் போடுகிற கொடியையும் கராஜிலிருந்து எடுத்துவிடுங்கள். வெயில் அடிக்கும்போது கதவைத் திறந்து வையுங்கள், பின்நேரம் பனி இறங்குவதற்கு முன் சாத்துங்கள். நாள் முழுக்கத் திறந்து வைத்தால் காற்றோட்டம் என்று நினைத்து மூடுபனியைத்தான் உள்ளே அழைக்கிறோம்.

இத்தனையும் செய்தும் துரு ஓடி ஓடி வருகிறதா? மூலையில் உர மூட்டை இருக்கிறதா பாருங்கள். கரட்டும் லீக்ஸும் போடுகிற வீடுகளில் உரம் கராஜில்தான் இருக்கும். யூரியாவும் அமோனியம் சல்பேட்டும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். அதன் தூசு இரும்பில் படிந்தால் அங்கேயே துருவைத் தொடக்கிவைக்கும். மூட்டையை வெளியே வேறு கொட்டகைக்கு மாற்றுங்கள். பிளீச்சிங் பவுடர், பழைய பெட்டரி இவையும் அப்படித்தான். ஈரத்தை இழுக்கட்டும் என்று கருவிப் பெட்டிக்குள் உப்புப் பொட்டலம் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். உப்பை இரும்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது.

### ஏறிய துருவை எடுப்பது

மெல்லிய செந்துரு என்றால் மண்ணெண்ணெய் தொட்டு ஸ்டீல் வூலால் தேய்த்தால் போகும். தடித்த துருவுக்கு வினாகிரியில் நனைத்த துணியைத் தலையில் சுற்றி ஓர் இரவு வையுங்கள். சுத்தியலை அப்படியே வினாகிரியில் போட்டால் ஆப்பும் பிடிமுனையும் ஊறிவிடும். காலையில் தேய்த்து, அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, உடனே வெயிலில் காயவைத்து எண்ணெய் போடுங்கள். இந்தக் கடைசி வேலையைத் தள்ளிப் போட்டால் மத்தியானத்துக்குள் திரும்பத் துரு தெரியும்.

எண்ணெய் எது? தேங்காய் எண்ணெய் வேண்டாம். 24 பாகை செல்சியஸுக்குக் கீழே அது உறையும், நம் ஊர்க் குளிரில் முக்கால்வாசி நாள் வெள்ளைக் கட்டியாகத்தான் இருக்கும். நாளானால் பிசினாகித் தூசு பிடிக்கும். தையல் மெஷின் எண்ணெய் இரண்டு துளி, துணியில் விட்டு மெல்லியதாகத் துடைத்தால் போதும். பழைய இன்ஜின் ஒயில் கையையும் பிடியையும் நாசமாக்கும். எந்த எண்ணெயாக இருந்தாலும் வேலைக்கு எடுக்கும்போது அடிக்கிற முகத்தை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். எண்ணெய் முகம் ஆணியிலிருந்து வழுக்கி நேராக விரலில் இறங்கும்.

## அறிகுறி: கொக்கி அல்லது பலகை பிடுங்கிக்கொண்டு விழுகிறது

### பிடுங்கிய ஓட்டையைப் பாருங்கள்

சாம்பல் நிறப் பூச்சு மட்டும் உதிர்ந்திருந்தால், ஆணி சாந்தைத் தாண்டிப் போகவே இல்லை. அரை அங்குலம், முக்கால் அங்குலச் சாந்துக்கு 1 அங்குல ஆணி அடித்தால் அது எதைப் பிடிக்கும்? வோல் பிளக் போட்டு 2 அங்குலம், இரண்டரை அங்குல ஸ்குரூ இறக்குங்கள்.

ட்ரில் போடும்போது தூள் எப்படி வருகிறது என்பதைக் கவனித்தால் சுவர் தன்னைத்தானே சொல்லிவிடும்:

- சிவப்புத் தூள், சீரான எதிர்ப்பு: செங்கல். கவலையில்லை.
- சாம்பல் தூள், திடீரென்று ட்ரில் உள்ளே பாய்கிறது: உள்ளே பொள்ளலான சீமெந்துக் கல். புதிய தனி வீடுகளில் இது அதிகம். பொள்ளலில் சாதாரணப் பிளக் சுற்றிக்கொண்டே இருக்கும். இடத்தைச் சற்று மாற்றிக் கல்லின் கெட்டியான பகுதியில் போடுங்கள், அல்லது ஓட்டையைச் சாந்தால் நிரப்பி இறுகவிட்டுத் திரும்பத் துளையுங்கள். நீளமான சட்டத்தைப் பல இடங்களில் ஸ்குரூ போட்டு ஏற்றினால் பாரம் பிரியும்.
- கறுப்பு அல்லது காவி மண், ஈரமாக உருண்டு வருகிறது: வெள்ளைக்காரன் காலத்து லயச் சுவர் (வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்ட வீடுகள்), கருங்கல்லும் மண்ணும். ட்ரில்லை வெளியே எடுங்கள்.

மண் சுவரில் எதுவும் தொங்கவிடாதீர்கள். அதிர்வில் கல் தளரும், பக்கத்து வீட்டுச் சுவரும் அதுதான். அதற்குப் பதில் இரண்டு 2க்கு 2 மரத்தைத் தரையிலிருந்து நிறுத்தி, அடியில் ஆளுக்கு ஒரு செங்கல் துண்டு கொடுத்து (ஈரம் ஏறாது), தலைப்பைக் கூரைச் சட்டத்தோடு கட்டிவிடுங்கள். நடுவில் குறுக்குச் சட்டம் அடித்து அதில் மாட்டலாம். சுவருக்கு ஒரு கிராம் பாரமும் போகாது.

### சுவர் நிற்கிறது, பலகைதான் போகிறது

துளை போட்ட மெல்லிய ஹாட்போர்ட் அட்டை கடையில் அழகாக இருக்கும். மலையில் ஒரு மழைக்காலம் முடிந்ததும் ஊதி, துளை பெருத்து, கொக்கி தானாகக் கழன்று வரும். சுத்தியலுக்கு அது வேண்டாம். முக்கால் அங்குலப் பலகையில் தும்புத்தடிக் கட்டையை 3 அங்குலத் துண்டுகளாக வெட்டி, சற்று மேல்நோக்கிச் சாய்த்துத் துளையிட்டுப் பசையோடு அடியுங்கள். இரண்டு முளைக்கு இடையில் ஒன்றரை அங்குல இடைவெளி விட்டால் சாதாரண 16 அவுன்ஸ் ஆணிச் சுத்தியலின் பிடி நுழைந்து தலை உட்காரும். உங்கள் பிடி தடித்ததாக இருந்தால் அளந்து விடுங்கள். ஒரு சுத்தியலுக்கும் அடுத்ததற்கும் அரை அடி. நெருக்கி மாட்டினால் ஒன்றை எடுக்கும்போது இன்னொன்று காலில் விழும்.

கனமானது இடுப்புக்குக் கீழே. தலைக்கு மேலே எதுவும் வேண்டாம். சம்மட்டியும் அலவாங்கும் சுவருக்கே போகக் கூடாது. தரையில் ஒரு பலகைத் துண்டின் மேல் சம்மட்டியைத் தலை கீழாக நிறுத்தி, பிடியை ஒரு வளையத்துக்குள் சாய்த்து வைத்தால் போதும். வெறும் சீமெந்துத் தரையில் வைத்தால் அடியில் துரு.

பலகையில் தட்டினால் பொத்பொத் என்று கேட்டு, மண் கோடு ஏறியிருந்தால் கறையான். அந்தப் பலகையை எரித்துவிட்டு, சுவரோரம் வேறு மரம் எதிலெல்லாம் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். கூரைச் சட்டத்திலும் தெரிந்தால் மருந்து அடிக்கிறவரைக் கூப்பிட வேண்டிய கட்டம்.

### சுவரே வெடித்திருந்தால்

மாட்டிய இடத்தைச் சுற்றி மட்டும் பூச்சு வெடித்திருந்தால் மேசன் வேலை. ஆனால் மழைக்காலத்தில் புதிதாக விரிசல் ஓடி, தரையிலும் தொடர்ந்து, கராஜ் கதவு திடீரென்று இறுகி, மேட்டில் முன்பு இல்லாத இடத்தில் ஊற்று கசிந்தால் அதைச் சுத்தியல் பிரச்சினையாகப் பார்க்காதீர்கள். மண் நகர்கிறது. பொருளை ஒதுக்கிக்கொண்டு நிற்காமல் வீட்டாரை வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டுக் கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள், 117க்கும் அழைக்கலாம், அது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எண். சரிவைச் சோதித்து இருக்கலாமா கூடாதா என்று சொல்ல வேண்டியவர்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார். மேசனால் அதைச் சொல்ல முடியாது.

## அறிகுறி: பிடியில் பூஞ்சணம், பிசுபிசுப்பு, மாவு

பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம்: மரப்பிடி என்றால் வினாகிரித் துணியால் துடைத்து, வெயில் காட்டி, அரத்தாள் போட்டு, லின்சீட் ஒரு பூச்சு. வார்னிஷ் வேண்டாம், கை வழுக்கும், வெடித்த இடத்தில் நீர் உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல் நிற்கும்.

ரப்பர் பிடி ஒட்டுகிறது: மண்ணெண்ணெய், பெற்றோல், ஒயில் ஏதோ பட்டிருக்கிறது. சவர்க்காரத் தண்ணீரில் கழுவிப் பாருங்கள். கழுவியும் ஒட்டினால் ரப்பர் உருகத் தொடங்கிவிட்டது, திரும்பாது. அடுத்த சுத்தியலை எரிபொருள் கேனுக்குப் பக்கத்தில் மாட்டாதீர்கள்.

பிடிக்குக் கீழே மாவு கொட்டிக் கிடக்கிறது, குண்டூசித் துளைகள் தெரிகின்றன: உளுத்துவிட்டது. வெளியே நல்லதுபோல் இருக்கும், உள்ளே ஒன்றுமில்லை. கழற்றி அடுப்பில் போடுங்கள், பக்கத்தில் இருந்த பிடிகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

## அறிகுறி: அடிக்கிற முகத்தில் சில்லு

எல்லாச் சுத்தியலையும் ஒரே பெட்டிக்குள் எறிகிற வீடுகளில் இது அதிகம். முகம் பதமேற்றிய இரும்பு. கெட்டி இரும்பும் கெட்டி இரும்பும் மோதினால் ஓரம் தெறிக்கும். ஒரு சுத்தியலை இன்னொன்றால் அடிப்பதும் அதே ஆபத்து, தெறிக்கிற சில்லு கண்ணுக்குத்தான் வரும். சில்லு போன முகத்தைச் சாணை பிடித்துச் சமப்படுத்தலாமே என்பார்கள். சூடேறினால் பதம் போகும், விரிசல் உள்ளே எவ்வளவு ஓடியிருக்கிறது என்றும் தெரியாது. பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடுங்கள். உளியின் தலை காளான்போல விரிந்திருந்தால் மட்டும் ஓரத்தைச் சாணை பிடிக்கலாம்.

## அறிகுறி: தேடினால் இல்லை

இதற்கு எண்ணெயும் ஆப்பும் உதவாது. பலகையில் ஒவ்வொரு சுத்தியலையும் வைத்து பென்சிலால் சுற்றி வரைந்து, பெயின்ட் அடித்துவிடுங்கள். இடம் காலியாக இருந்தால் வாசலிலிருந்தே தெரியும். அதிகம் எடுப்பது கதவோரம், வருஷத்துக்கு ஒருமுறை எடுப்பது உள்ளே. வரைந்த பிறகும் காணவில்லை என்றால் வீட்டில் பிள்ளைகளைக் கேளுங்கள், அப்புறம் ஆட்டோவின் பின்சீட்டுக்கு அடியில் பாருங்கள்.

அங்கேயும் இல்லையென்றால் பக்கத்து வீடு. இரவல் கேட்டு வருகிறவருக்கு இல்லை என்று சொல்ல முடியாது, கூடிப் புழங்குகிற இடம். அதனால் காலியான முளையில் வாங்கிப் போனவர் பெயர் எழுதிய அட்டை ஒன்றைத் தொங்கவிடுங்கள். அடுத்த முறை அவர் வேறு எதற்காவது வரும்போது அது அவர் கண்ணில் படும். நல்ல சுத்தியலைக் கொடுக்க மனமில்லாதவர்கள், இரவலுக்கென்றே பழைய தலைக்குக் கொய்யாப் பிடி போட்டு இன்னொன்று வைத்துக்கொள்ளலாம். தலை ஆடாததாகப் பார்த்துக் கொடுங்கள்.